தாயின் பெயர் இல்லாத பிறப்புப் பதிவு

பலெர்மோவின் பழைய பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகள் கணினியில் ஏறிவிட்டனவாம். சென்ற மாதம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது சாந்தி சொன்னாள். "அக்கா, நீங்கள் அந்தக் காலத்திலை தூசி குடிச்சுத் தேடினதெல்லாம் இப்ப போனிலை வருதாம். உங்கடை பங்கு இதழுக்கு அதைப்பற்றி எழுதுங்கோவன். சும்மா இருக்கிறியள்தானே" என்றாள். சும்மா இருப்பது உண்மைதான். 1989 முதல் 2014 வரை இந்த நகரத்து வீடுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நான் எழுதக்கூடியது ஒரு வீட்டைப் பற்றியும், அங்கே நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியும்தான். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க உதவியவளும் இதே சாந்திதான் என்பதால் அவள் கேட்டதைத் தட்ட முடியவில்லை.

என் பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தில், தொழில் என்ற இடத்தில் எப்போதும் 'வீட்டு உதவியாள்' என்றே இருந்தது. 1991 பெப்ரவரியில் ஒரேத்தோ வீதியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தனியாக வாழ்ந்த ஒரு முதியவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அரசாங்க ஆவணக் காப்பகத்தில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். படித்தவர்களை இங்கே அழைக்கும் மரியாதைப்படி எல்லோரும் அவரைத் தொத்தோரே என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். சமையல், துப்புரவு, உடுப்பு மினுக்குவது, மருந்து எடுத்துக் கொடுப்பது என்பதே என் வேலை. அவருடைய வேலை, அமெரிக்காவிலிருந்து கடிதம் எழுதுகிறவர்களுக்கு அவர்களுடைய முன்னோரைத் தேடிக் கொடுப்பது.

இரண்டு கண்ணிலும் புரை விழத் தொடங்கியபோது அவர் என்னை மேசைக்கு அழைத்தார். என் தகப்பனார் எங்கள் தீவில் உபதேசியாராக இருந்தவர். கோயிலின் ஞானஸ்நான, விவாகப் புத்தகங்களை அவர்தான் எழுதினார். மழை நனைத்த பக்கங்களை நான் பிரதி எடுத்திருக்கிறேன். ஒருநாள் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு காலையில் வீட்டு வேலை, பின்னேரம் எழுத்து வேலை. முதல் நான்கு மாதம் பழகுவதற்கே போனது. குருமாரின் கையெழுத்தை இலக்கங்களிலிருந்து வாசிக்கக் கற்றேன். முதலில் திகதி, பிறகு மாதம், பிறகு பெயர். இலத்தீனில் எனக்கு முப்பது சொற்கள் தெரிந்தால் போதும் என்றார். அது போதுமாகத்தான் இருந்தது.

தொத்தோரேயின் முறைகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புத்தகத்தைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். பென்சில் மட்டுமே, பேனாவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒரு பதிவுக்கு ஓர் அட்டை. தேடுகிற பதிவை மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார். அதற்கு மேலே இருப்பது யாருடைய பதிவு, கீழே இருப்பது யாருடையது என்பதையும் அட்டையின் அடியில் எழுத வேண்டும். "நாளைக்கு யாராவது வந்து பொய் எண்டு சொன்னால், அவன் போய்ப் பாக்கக்கூடியதாய் இருக்கவேணும்" என்பார். அவர் பேசியது இத்தாலி மொழியில்தான். ஆனால் எனக்கு அது எங்கள் பேச்சாகவே நினைவில் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

எழுதிய அட்டைகள் மூன்று பெட்டிகளுக்குப் போகும். தேடும் குடும்பத்தைச் சேர்ந்தவை முதலாவதில், சந்தேகமானவை இரண்டாவதில், அதே பெயர் கொண்ட அயலாருடையவை மூன்றாவதில். முதலிரண்டு பெட்டிகளையும் அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூதக்கண்ணாடியோடு இருந்து பார்ப்பார். மூன்றாவதைப் பார்ப்பதில்லை. அதற்குள் போடுவது என் பொறுப்பு.

1993 செப்டெம்பரில் போஸ்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற நூலகர், ஒரு மாது. அவருடைய குடும்பம் அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய ஆங்கிலேயரோடு கப்பலில் போன குடும்பம். அந்த முதல் தம்பதியிலிருந்து இன்று உயிரோடு இருப்பவர்கள் வரை எல்லாத் திருமணங்களையும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே புத்தகமாக அச்சிடப் போவதாக எழுதியிருந்தார். குடும்பத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

அந்தக் குடும்பத்துக் கப்பல் வியாபாரி ஒருவர் 1820-களின் கடைசியில் எலுமிச்சம்பழம் வாங்க பலெர்மோவுக்கு வந்து, இங்கேயே ஒரு பெண்ணை மணந்து, திரும்பிப் போகாமல் இருந்துவிட்டார். அவருக்கு இரண்டு ஆண்மக்கள்: மூத்தவர் ஜுசெப்பே, இளையவர் பியேத்ரோ. இங்கத்தைய குருமார் அமெரிக்கப் பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதியதில், அது உள்ளூரில் ஏற்கெனவே இருந்த ஒரு குடும்பத்தின் பெயரைப் போலவே ஆகிவிட்டது. ஆகவே மூன்றாவது பெட்டி விரைவாக நிரம்பியது.

1994 பெப்ரவரியில் நீனா வந்தார். வயது எண்பத்து நான்கு. போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு முடுக்கில் இருப்பவர். ஐந்து மாடியையும் தனியாக ஏறிவந்து, கதவைத் திறந்த என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தொத்தோரேயின் முன்னால் ஒரு பழைய காகிதத்தை வைத்தார்.

"அமெரிக்காக்காரருக்குத் தேடுறது நீங்கள்தானே? இதையும் தேடுங்கோ."

அது அவருடைய தாயின் பிறப்புப் பதிவின் பிரதி. 1886 டிசம்பர் 3. தகப்பன் பெயர் பிரான்செஸ்கோ. வியாபாரியின் மூத்த மகன் ஜுசெப்பேயின் மகன். தாயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மணமாகாத ஒரு பெண்' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

"அவ ஆர் எண்டு தெரியுமோ?" என்று தொத்தோரே கேட்டார்.

"ரொசாலியா. அவ்வளவுதான் தெரியும். அம்மாவுக்கு ரெண்டு வயசிலை அவ செத்துப்போனா. தகப்பன் கப்பலிலை போனவர் திரும்பி வரேல்லை. அயல்வீட்டுக்காரிதான் அம்மாவை வளர்த்தது."

"பலெர்மோவிலை மூண்டு பொம்பிளையளிலை ஒராள் ரொசாலியா."

"அதாலைதானே உங்களிட்டை வந்தனான். சும்மா கண்டுபிடிக்கக்கூடியதெண்டால் நானே கண்டுபிடிச்சிருப்பன்." நீனா கேட்காமலே கதிரையில் உட்கார்ந்தார். "தொத்தோரே, பள்ளிக்கூடத்திலை, கலியாணத்திலை, ஆஸ்பத்திரியிலை, எங்கை போனாலும் அம்மா இந்தக் கடதாசியைத்தான் நீட்டவேணும். அம்மாவைத் தாயில்லாமல் பிறந்தவள் எண்டு எங்கடை முடுக்கிலை கூப்பிட்டவை. செத்தவீட்டிலையும் கதைச்சவை. அம்மாவின்ரை தாயும் தேப்பனும் கலியாணம் கட்டினவை. அம்மா அப்பிடித்தான் சொன்னவ. அதை எழுதித் தாங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

இதில் ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். இத்தாலி ஒன்றான பிறகு கோயிலில் செய்யும் திருமணம் அரசாங்கத்துக்குச் செல்லாது. நகரசபைக்குப் போய்த் தனியாக எழுத வேண்டும். பலர் கோயிலோடு நின்றுவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் நகரசபைப் புத்தகத்தில் மணமாகாத பெற்றோரின் பிள்ளைகளாகவே பதிவானார்கள். நீனாவின் தாயும் அப்படி ஒருத்தியாக இருக்கலாம். ஞானஸ்நானப் புத்தகம் இருந்திருந்தால் ஒரே நாளில் முடிவு தெரிந்திருக்கும். அந்த ஞானஸ்நானம் நடந்த கோயில் யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தது, புத்தகமும் போய்விட்டது. பெண் வீட்டாரின் கோயிலில் நடந்திருக்கக்கூடிய திருமணத்தின் பதிவு ஒன்றே மிச்சம்.

போஸ்டன் மாதும் இதையேதான் கேட்டார். அவர்களுடைய புத்தகத்தின் விதி, திருமணம் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே அதன் கீழ் பிள்ளைகளின் பெயர் வரும் என்பது. திருமணம் இல்லையென்றால் பிரான்செஸ்கோவோடு பலெர்மோக் கிளை முடிந்தது என்று அச்சாகும்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பதினொரு கோயில்களில் தேடினேன். காலை பத்து மணிக்குப் பிறகு, குருவானவருக்கு வசதியான நாட்களில் மட்டும். தொத்தோரே என்னோடு வந்து கோயிலின் பின்னறையான சக்கிரிஸ்தியில் உட்கார்ந்திருப்பார், நான் வாசிப்பேன். மே 20ஆம் திகதி அவர் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்: 'பிரான்செஸ்கோவுக்கும் ரொசாலியா என்ற பெண்ணுக்கும் நடந்த திருமணம் எந்தப் புத்தகத்திலும் காணப்படவில்லை.'

நீனாவை அழைத்துத் தொத்தோரே அதை வாசித்துக் காட்டினார். நீனா அழவில்லை. கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார்.

"அப்ப முடுக்கு சொன்னது சரிதான்" என்றார். நான் கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் இறங்கிப் போனார். அன்று நான் பரிதாபப்பட்டேன். பரிதாபப்பட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 19 ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கடற்கரைப் பக்கமாகக் கால்சாவில் ஒரு வாங்கில் சாந்தியும் நானும் இருந்தோம். சாந்தி யாழ்ப்பாணத்தவள், சைவக்காரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சந்திக்கக் கோயிலுக்கு வருவாள். ஒரு பெரிய வீட்டில் வேலை. அந்த வீட்டுக் கதைகளைக் கேட்கவே நாங்கள் வாரம் முழுக்கக் காத்திருப்போம்.

"அக்கா, ஒரு கூத்துக் கேளுங்கோ. எங்கடை சிஞ்ஞோராவின்ரை மேளுக்குக் கலியாணமாம்."

"நல்லதுதானே. மாப்பிளை ஆர்?"

"அங்கைதான் கூத்து. பெரியப்பன்ரை பெடியன்!"

"ஆற்றை பெரியப்பன்?"

"அவளின்ரை பெரியப்பன்தான். தேப்பன்ரை சொந்தத் தமையன்ரை பெடியன்."

"விசர்க்கதை கதையாதை. உனக்கு இத்தாலியன் விளங்கேல்லை."

"எனக்கோ விளங்கேல்லை? ஏழு வருசமா அந்த வீட்டிலை சண்டை பிடிக்கிறன், எனக்கு விளங்காதோ? ரெண்டு தேப்பன்மாரும் சேர்ந்து நேற்றுச் சம்பாஞ்ஞாப் போத்தல் உடைச்சவை. கிளாஸ் கழுவினது நான்."

"அண்ணனும் தங்கச்சியும் எல்லே."

"அதைத்தான் நானும் சிஞ்ஞோராட்டைக் கேட்டனான். மாமன்ரை மோன், அத்தையின்ரை மோன் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ எண்டு. அவ என்னைப் பாத்த பார்வை! எல்லாம் ஒண்டுதானாம். மேற்றிராணியாரிட்டை, அதுதான் உங்கடை ஆயரிட்டை, ஒரு கடதாசி எடுத்தால் சரியாம். அவவின்ரை அம்மம்மாவும் அப்பிடித்தான் கட்டினவவாம். இந்தச் சனத்துக்கு ஆர் அண்ணன், ஆர் மச்சான் எண்டு ஒரு கணக்கும் இல்லை அக்கா."

சாந்தி சிரித்துக்கொண்டேயிருந்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஏப்ரல் மாதத்து ஒரு பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. கால்சாவில், நாங்கள் இருந்த வாங்கிலிருந்து ஐந்து நிமிட நடைதூரத்திலுள்ள ஒரு கோயில். மாப்பிள்ளை பிரான்செஸ்கோ, ஜுசெப்பேயின் மகன். பெண் ரொசாலியா, காலஞ்சென்ற பியேத்ரோவின் மகள். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்.

போஸ்டனிலிருந்து வந்த வம்ச மரத்தில் பியேத்ரோவுக்கு ரொசாலியா என்று ஒரு மகள் இருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் பிரான்செஸ்கோவுக்குச் சித்தப்பா மகள். தங்கச்சி. தங்கச்சியை யாராவது கட்டுவார்களா? ஆகவே இது உள்ளூர்க் குடும்பத்து வேறொரு பிரான்செஸ்கோ, வேறொரு ரொசாலியா. இப்படி நான் அன்று யோசித்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. யோசித்திருந்தால் சந்தேகப் பெட்டியிலாவது போட்டிருப்பேன். கை தானாகவே மூன்றாவது பெட்டிக்குப் போய்விட்டது.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?" என்றாள் சாந்தி.

"நான் போறன்."

"எங்கை, சாப்பிடேல்லையே?"

நான் பேருந்துக்கு நடந்தேன்.

தொத்தோரேயின் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. ஞாயிறு மதியம் அவர் தங்கையின் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். நான் போய் மூன்றாவது பெட்டியைத் திறந்தேன். அட்டை இருந்தது. 1886 பெப்ரவரி 11. மேலே ஒரு மீன்காரனின் திருமணம், கீழே ஒரு பீப்பாய்த் தச்சனின் திருமணம். எல்லாவற்றையும் முறைப்படி எழுதியிருந்தேன், என் அழகான கையெழுத்தில்.

அந்த அட்டையை முதலாவது பெட்டிக்கு மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். செப்டெம்பரில் என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கொடுக்க அவருடைய கையெழுத்து வேண்டும். ஆனால் அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டது. ஜூன் 30ஆம் திகதியோடு புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது என்று போஸ்டன் மாது எழுதியிருந்தார். அதைவிட, நீனா குடிக்காமல் விட்டுப்போன கோப்பி நினைவுக்கு வந்தது. இன்னும் பதினொரு நாள் இருந்தது. அட்டையை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, அவர் வரும்வரை நின்றேன்.

அவர் வந்து, தொப்பியைக் கழற்றி, என்னையும் அட்டையையும் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறியள், ஜெசிந்தா?"

"பிழை விட்டிட்டன், தொத்தோரே."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையை வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். கேள்விகள் வழக்கம்போலவே வந்தன: வாசித்தது யார், எந்தப் பக்கம், மேலே என்ன, கீழே என்ன. சொன்னேன். அதன்பிறகு வழக்கமில்லாத ஒரு கேள்வி வந்தது.

"ஏன் மூண்டாவது பெட்டி?"

"அவை சகோதரம்."

"ஆர்?"

"பிரான்செஸ்கோவும் ரொசாலியாவும். தேப்பன்மார் அண்ணன் தம்பி. அப்ப பிள்ளையள் அண்ணன் தங்கச்சி. கட்ட ஏலாது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு வெற்று அட்டையை என் பக்கம் தள்ளினார். "கீறிக் காட்டுங்கோ. உங்கடை ஊரிலை ஆரை ஆர் கட்டலாம்?"

நான் கீறினேன். அப்பாவின் தமையன் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், அம்மாவின் அக்கா, தங்கச்சி பிள்ளைகள் எல்லோரும் சகோதரம். அம்மாவின் தமையன், தம்பி பிள்ளைகளும் அப்பாவின் அக்கா, தங்கச்சி பிள்ளைகளும் மச்சான் மச்சாள். அவர்களைக் கட்டலாம், வேதக்காரர் என்றால் ஆயரிடம் அனுமதி எடுக்க வேண்டும்.

"ரெண்டும் ஒரே தூரத்து இரத்தம்தானே" என்றார்.

"ஓம்."

"ஒண்டு அண்ணன், மற்றது மாப்பிளை?"

"ஓம்."

"அதை எப்பவாவது யோசிச்சுப் பாத்திருக்கிறியளோ?"

"இல்லை, தொத்தோரே. அண்ணனை அண்ணன் எண்டு யோசிச்சே கூப்பிடுறது?"

அவர் சிரித்தார். அவரிடம் நான் வேலை செய்த எட்டு வருடத்திலும் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் நாலைந்து முறைதான் கேட்டிருக்கிறேன். நான் என் பெர்மெஸ்ஸோவை நினைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் சிரிக்கிறார்.

"நான் உங்கடை ஊருக்கு வந்து இந்த வேலையைச் செய்திருந்தால், அரைவாசிச் சனத்துக்குப் பிழையான கலியாணம் கட்டி வைச்சிருப்பன்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கையெழுத்துப் போட்டது நான். மூண்டாவது பெட்டியைப் பாராமல் விட்டதும் நான். இருங்கோ, ஜெசிந்தா. நிண்டால் எனக்குக் கழுத்து நோகுது."

நான் இருந்தேன். அவர் தாளில் எழுதத் தொடங்கியிருந்தார்.

அட்டை மட்டும் போதாது என்றார். உள்ளூர்க் குடும்பத்திலும் ஒரு ஜுசெப்பே, ஒரு பியேத்ரோ இருந்தார்கள். இந்த மணமக்கள் அமெரிக்க வியாபாரியின் பேரப்பிள்ளைகள்தான் என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழி இருந்தது. உண்மையில் அவர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளாக இருந்திருந்தால், ஆயரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்த மனு ஆயர் இல்லத்துக் காப்பகத்தில் இருக்க வேண்டும். என்னைத் தடுக்கிவிட்ட அதே உறவுமுறைதான் சாட்சி தரவேண்டியிருந்தது.

காப்பகம் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் திறக்கும். முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருந்ததால் 23ஆம் திகதி வியாழக்கிழமைதான் போக முடிந்தது. பொறுப்பாக இருந்த குருவானவர், அந்த வருடத்து மனுக்கள் ஒழுங்குபடுத்தப்படவில்லை, கட்டுகளாகவே கிடக்கின்றன என்றார். எட்டுக் கட்டுகள். கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மனுவாகப் பிரித்து, அதே ஒழுங்கில் திருப்பி வைக்க வேண்டும். பன்னிரண்டரை மணிக்குக் காப்பகத்தை மூடியபோது மூன்று கட்டுகள்தான் முடிந்திருந்தன. தொத்தோரே படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் சொன்னார். அந்த நான்கு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாந்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, அந்தப் பொம்பிளை செத்து நூறு வருசமாச்சு, நீங்கள் ஏன் பட்டினி கிடக்கிறியள்?" என்று ஏசினாள்.

28ஆம் திகதி ஏழாவது கட்டில் அது கிடைத்தது. நான்கு பக்க மனு. பிரான்செஸ்கோ ஆயருக்கு எழுதுகிறான், அல்லது பங்குக்குரு அவனுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். பெண் தாய் தகப்பனை இழந்தவள். பெரியப்பா வீட்டில் அவனோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவள். அயல் கதைக்கத் தொடங்கிவிட்டது. அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. எனக்கு அதை வாசிக்கும்போது இன்னும் ஒருபக்கம் கூசியது, மறைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் குரு ஒரு சிறிய மரம் கீறியிருந்தார். உச்சியில் ஒரு வட்டம். அதற்குள் கப்பல் வியாபாரியின் பெயர், 'அமெரிக்கர்' என்ற சொல்லோடு. அதன் கீழே இரண்டு வட்டங்கள்: ஜுசெப்பே, பியேத்ரோ. அவற்றின் கீழே இன்னும் இரண்டு. அந்த இரண்டையும் ஒரு கோடு இணைத்தது. ஓரத்தில், அனுமதி வழங்கப்பட்டது என்ற குறிப்பும் ஆயரின் முத்திரையும்.

நான் வாசித்து முடித்ததும் தொத்தோரே கண்ணாடியைக் கழற்றி, "மேலை என்ன, கீழை என்ன?" என்று கேட்டார். மேலே இருந்த மனுவையும் கீழே இருந்த மனுவையும் எழுதினேன்.

வீதியில் புகையிலைக் கடைக்குப் பக்கத்தில் போட்டோப்பிரதியும் ஃபாக்ஸும் வைத்திருந்த ஒரு கடை உண்டு. போஸ்டனில் காலை எட்டு மணி ஆகும்வரை காத்திருந்து, திருமணப் பதிவையும் மனுவையும் தொத்தோரேயின் திருத்த அறிக்கையையும் அனுப்பினோம். அறிக்கையின் முதல் வரி: 'மே 20ஆம் திகதி நான் அனுப்பியது பிழையானது.' அடுத்த நாள் பின்னேரம் பதில் வந்தது. இரண்டே வரி. பக்கத்தை மறுபடி கோர்க்கச் சொல்லிவிட்டதாகவும், பிரான்செஸ்கோவின் கீழே நீனாவின் தாயும் நீனாவும் அவருடைய பிள்ளைகளும் வருவார்கள் என்றும். கடைக்காரர் அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது நான் அழுவதைப் பார்த்து, ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதிரை எடுத்துப் போட்டார். "இல்லை, இல்லை, கலியாணம்" என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார்.

ஜூலை 2 சனிக்கிழமை காலை நாங்கள் போர்கோ வெக்கியோவுக்குப் போனோம். நீனாவை வரச் சொல்லலாமே என்று நான் கேட்டதற்கு, "இந்த முறை படி ஏறுறது அவ இல்லை" என்றார் தொத்தோரே. நீனா நிலத்தளத்தில் இருந்தார். வாசலில் கதிரை போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை.

"இன்னும் என்ன? இல்லையெண்டு சொல்லியாச்சுதானே."

"இருக்கு. நான்தான் பிழையாய் வைச்சிட்டன், நீனாம்மா" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கத்தி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கடை ஊரிலை அது அண்ணன் தங்கச்சியோ?"

"ஓம்."

"அப்ப இந்த முடுக்கிலை அரைவாசிப் பேர் நரகத்துக்குத்தான்!" நீனா உரத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "தாங்கோ" என்றார். திருமணப் பதிவை இத்தாலி மொழியில் தெளிவாக எழுதிய பிரதியைத் தொத்தோரே கொடுத்தார். நீனாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

தொத்தோரே வாசிக்க வாயெடுத்தார். நீனா கையால் மறித்தார். "நீங்கள் வேண்டாம். நீங்கள் படிச்ச மனிசன், நீங்கள் என்ன வாசிச்சாலும் நம்பாயினம்." தலையை நிமிர்த்தி மூன்றாம் மாடியைப் பார்த்துக் கத்தினார். "கார்மேலா! பனாரு இறக்கு!"

அந்த முடுக்கில் மேல்மாடிக்காரர் காய்கறி வாங்கக் கயிற்றில் கட்டி இறக்கும் கூடைக்குப் பெயர் பனாரு. பல்கனிக் கதவு திறந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, அவரைக்காயோ?"

"இறக்கடி. அவரைக்காய் இல்லை. கடதாசி."

"இப்ப என்ன கடதாசி?"

"கலியாணக் கடதாசி எங்கை எண்டு உன்ரை அம்மா ஐம்பது வருசமா இந்த முடுக்கிலை கேட்டுக்கொண்டிருந்தவ. அந்தக் கடதாசி. உன்ரை வாயாலை வாசி."

கூடை ஆடி ஆடி இறங்கியது. நீனா தாளை இரண்டாக மடித்து அதற்குள் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். கூடை மேலே போனது. முதலாம் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் யன்னல்கள் திறந்தன. சந்தைக்குப் போன இரண்டு பெண்கள் பையோடு நின்றுவிட்டார்கள். கார்மேலா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ள நேரம் எடுத்தது.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு, பெப்ரவரி பதினொண்டு" என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "பிரான்செஸ்கோ, ஜுசெப்பேயின் மகன். ரொசாலியா, காலஞ்சென்ற பியேத்ரோவின் மகள். திருச்சபையின் முறைப்படி..." நிறுத்தினாள். விரலில் எண்ணுவது கீழேயிருந்தே தெரிந்தது. "உன்ரை அம்மா பிறந்தது டிசம்பரிலை எல்லே?"

"டிசம்பர் மூண்டு."

கார்மேலா இன்னொரு முறை எண்ணினாள்.

"வருது" என்றாள். "கணக்குச் சரியா வருது."

நீனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முடுக்கின் நடுவுக்குப் போய் நின்றார்.

"இன்னொருக்கா வாசி" என்றார். "பொம்பிளையின்ரை பேரை."